'குடும்பத்தினருக்கு மட்டும்'

நாகர்கோவிலுக்கு வெளியே, கன்னியாகுமரிக்குப் போகும் பெருஞ்சாலையோரத்தில், சில வருஷங்களுக்கு முன்வரை நெல் விளைந்துகொண்டிருந்த ஓரிடத்தில், புதிதாக ஒரு பெரிய சாப்பாட்டு விடுதி கட்டித் திறந்திருக்கிறார்களென்றும், அங்கே சாப்பாட்டோடு மதுபானமும் கிடைக்குமென்றும், குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனி ஹால் உண்டென்றும், சீமையில் 'பப்' என்று சொல்லுகிற மாதிரியில் அமைத்திருக்கிறார்களென்றும், அவசியம் ஒருதரம் வந்து பார்க்க வேண்டுமென்றும் அவ்வூர்த் தோழர்கள் சிலர் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கலியாண விஷயமாகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை அங்கு போயிருந்த நாம், அன்று மாலை ஏழு மணிக்கு அவ்விடுதிக்குப் போய் ஒன்பது மணி வரையில் இருந்து சாப்பிட்டு வந்தோம். அங்கே நாம் கண்டவற்றில் சந்தோஷப்பட வேண்டியதும் உண்டு. கண்டிக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுவது நம் கடமை.

முதலில் சந்தோஷப்பட வேண்டியதைச் சொல்லுவோம். விடுதியின் முன்புறம் வண்டிகள் நிற்கத் தாராளமான இடம். குழந்தைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம். உள்ளே நல்ல வெளிச்சம், சுத்தமான மேஜை, கை கழுவச் சௌகரியம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், நெய்மீன் வறுவலும், புரோட்டாவும் மாட்டிறைச்சியும், அவியலும் தீயலும் எல்லாம் ஒரே அடுப்படியிலிருந்து ஒரே ஹாலுக்கு வருகின்றன. வேண்டியவன் வேண்டியதைச் சாப்பிடுகிறான். பக்கத்து மேஜைக்காரன் இலையில் என்ன இருக்கிறது என்று பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்ளுகிறவன் ஒருவனையும் நாம் அங்கே காணவில்லை. சமைத்தவன் யார், பரிமாறுகிறவன் யார், எதிரே உட்கார்ந்திருப்பவன் என்ன ஜாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்ற எண்ணமே யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

இது என்ன பெரிய காரியம் என்று இன்றைய வாலிபர்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்த நாஞ்சில் நாட்டில் இது சும்மா வந்ததல்ல என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நாடு 1956 நவம்பர் 1 ஆம் தேதி வரையில் திருவாங்கூரோடு சேர்ந்திருந்தது. அந்தத் திருவாங்கூர் ராஜ்யத்தில் ஊட்டுப்புரை என்று ஒன்று இருந்தது. சர்க்கார் பணத்தில் பார்ப்பனர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடுவதற்கென்றே ஏற்பட்ட சத்திரம் அது. திருவாங்கூரின் நெற்களஞ்சியமென்று பேர் பெற்றது நாஞ்சில் நாடு. ஆனால் இந்த நாஞ்சில் நாட்டுச் சேற்றில் இறங்கி நாற்று நட்டவனும், களை பறித்தவளும் அந்தப் பந்தியில் உட்கார முடியாது என்பது மாத்திரமல்ல, கிட்டத்தில் நெருங்கவும் முடியாது. அதே காலத்தில்தான் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் பல ஜாதி மக்களையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்தார். அவரைத் தெய்வமென்று கும்பிடுவதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பந்தியை நடத்திய துணிச்சலை மெச்சாமல் இருக்க முடியாது.

பிறகும் வழி சுலபமாகத் திறந்துவிடவில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத சேரன்மாதேவி குருகுலத்தில், தேசத்தின் பேரால் பணம் வசூலித்து நடத்திய பள்ளியில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்று வைத்ததும், 1924, 1925 ஆம் வருஷங்களில் அதன்மேல் பெரும் கிளர்ச்சி நடந்ததும் தமிழ்நாடு அறிந்தது. சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926 இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்த வழக்கம் கிளர்ச்சிக்குப் பின் 1941 இல்தான் ஒழிந்தது. சட்டமெல்லாம் வந்த பிறகும், 1957 இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் 'பிராமணாள்' பலகையை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் தொண்டர்கள் மறியல் செய்து சிறைக்குப் போக வேண்டியிருந்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான், நாம் சென்ற ஞாயிறன்று யாரும் யாரையும் ஜாதி கேட்காமல் உட்கார்ந்து மீன்கறி சாப்பிட முடிந்தது. ஆகவே இப்படிப்பட்ட விடுதிகள் ஊருக்கு ஊர் வரவேண்டுமென்பதே நம் அபிப்பிராயம்.

இன்னொரு சந்தோஷமும் உண்டு. நமக்குப் பக்கத்து மேஜையில் ஒரு குடும்பத்தார் இருந்தார்கள். மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், எண்பது வயதைத் தொட்ட ஒரு பாட்டியம்மாள். அந்தம்மாள் தாமாகவே நம் பக்கம் திரும்பி, "மக்களே, இதுவர நான் வெச்சதத்தான் பொறத்தி ஆளு தின்னிருக்கு. பொறத்தி ஆளு வெச்சு எனக்கு வெளம்புனது இப்பத்தான். எங்க காலத்துல காப்பிக் கடையில பொம்பள ஏறுனா ஊரே சிரிச்சிருக்கும்" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களும் சிரித்தார்கள். அறுபது வருஷத்துக்குமேல் அடுப்பங்கரையில் கழித்த ஒருவருக்கு ஒரு மாலைப்பொழுது கிடைத்த விடுதலை அது. விடுதிக்குப் போவது ஆடம்பரம், வீட்டுச் சாப்பாடே மேல் என்று பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு அடுப்பங்கரையில் ஒரு வேளையாவது நின்றிருப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இது நிற்க, இனிக் கண்டிக்க வேண்டியதற்கு வருவோம்.

அவ்விடுதிக்கு இரண்டு வாசல்கள். இடது பக்கத்து வாசலில் 'பார்' என்றும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை என்றும் எழுதியிருக்கிறது. வலது பக்கத்து வாசலில் 'பேமிலி ஹால் - குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. நம்மோடு வந்த தோழர்களில் இருவர் மனைவியருடன் வந்திருந்தபடியால் நம்மை வலது பக்கத்தில் விட்டார்கள். நாம் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் ஒரு பையுடன் தனியாக உள்ளே வந்தார். வேலை முடிந்து வருகிற களைப்பு முகத்தில் தெரிந்தது. வாசலில் நின்ற சிப்பந்தி, "எத்தன பேரு மேடம்?" என்றார். "ஒரு ஆளுதான்" என்றார் அந்தப் பெண். "கூட யாரும் வாராங்களா?" என்றார் மறுபடியும். "இல்ல" என்றதும் அவர் உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தார். மேனேஜர் வெகு மரியாதையாகவே, இது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கான ஹால் என்றும், தனியாக வருகிறவர்களை அந்தப் பக்கம்தான் உட்கார வைப்பதென்றும், ஆனால் அந்தப் பக்கம் ஆண்கள் குடிக்கிற இடமாகையால் அங்கே அனுப்ப முடியாதென்றும், வேண்டுமானால் பார்சல் கட்டித் தருவதாகவும் சொன்னார். அந்தப் பெண் ஒரு நிமிஷம் இரண்டு வாசலையும் பார்த்தார். "அப்ப நான் எங்க இருந்து திங்கணும் அண்ணே?" என்று கேட்டார். மேனேஜரிடம் பதிலில்லை. அவர் பார்சலும் வாங்காமல் வெளியே போய்விட்டார். நாம் எழுந்து போய், நம் மேஜையில் வந்து உட்காரச் சொல்லலாமென்று வாசலுக்குப் போவதற்குள் பஸ் ஏறிவிட்டார். அவரை அப்போதே கூப்பிடாமல் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது நம் குற்றமென்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

பிறகு மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் நல்ல மனிதர்தான், கோபிக்கவில்லை. "அண்ணாச்சி, இதெல்லாம் லேடீஸோட பாதுகாப்புக்காகத்தான். குடிச்சுட்டு வாரவன் எவனாவது ஏதாவது பேசிட்டா நாளைக்கு ஒரு குடும்பமும் இங்க வராது" என்றார்.

இந்தப் 'பாதுகாப்பு' என்னும் வார்த்தையை நாம் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். குடித்தவன் வம்பு செய்வான் என்று பயமிருந்தால், வேலி யாருக்குப் போட வேண்டும்? குடித்தவனுக்கா, குடிக்காதவளுக்கா? நாய் கடிக்கிறதென்றால் நாயைக் கட்டுவார்களா, தெருவில் நடக்கிறவனைக் கட்டுவார்களா? குற்றம் செய்யக்கூடியவன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். குற்றம் செய்யாதவள் பசியோடு வெளியே போகிறாள். இதற்குப் பெயர் பாதுகாப்பென்றால் தண்டனைக்குப் பெயரென்ன? அன்றியும், எந்த வேலிக்குத்தான் நல்ல காரணம் சொல்லாமல் இருந்தார்கள்? தெருவை மறித்தவர்கள் கோவிலின் புனிதத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். தனிப் பந்தி வைத்தவர்கள் அவரவர் ஆசாரத்தைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள். வெளியே நின்றவர்களுக்குக் கெடுதல் செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டவர் அவர்களில் எவருமில்லை.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். "தனியா வார ஆம்பளையையும்தான் நாங்க இங்க விடுறதில்ல" என்றார். இது சமத்துவம் போலத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரட்டு வெளியாகும். தனியாக வருகிற ஆணுக்கு ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அங்கே அவன் குடித்தாலும் சரி, குடிக்காமல் சோறு மாத்திரம் சாப்பிட்டாலும் சரி, கேட்பாரில்லை. தனியாக வருகிற பெண்ணுக்கோ இந்த வாசல் எழுத்தினால் மூடியிருக்கிறது. அந்த வாசல் எழுதாமலே மூடியிருக்கிறது. அவள் உள்ளே வரவேண்டுமானால் ஓர் ஆணின் மனைவியாகவோ, மகளாகவோ, தாயாகவோ, தங்கையாகவோ வரவேண்டும். தன் சொந்தச் சம்பாத்தியத்தில், தன் சொந்தப் பசிக்கு, ஒரு மனுஷியாக வருவதற்கு அந்தக் கட்டிடத்தில் இடமில்லை.

'பப்' என்ற வார்த்தையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. பொது வீடு என்று பேர் வைத்துக்கொண்டு பொதுஜனங்களில் பாதிப் பேரை வாசலில் நிறுத்துவது சீமையிலும் நடந்ததுதான். லண்டன் பிளீட் தெருவில் எல் வீனோ என்ற மதுவிடுதியில், ஆண்களைப் போலப் பெண்கள் மதுமேடையருகில் நின்று வாங்கிக் குடிக்கக்கூடாது, பின்புறத்து அறையில் உட்கார்ந்தால்தான் கொடுப்போம் என்று வைத்திருந்தார்கள். இரண்டு பெண்கள் கோர்ட்டுக்குப் போய் 1982 இல் அது சட்டவிரோதமென்று தீர்ப்பு வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் 1965 இல் இரண்டு பெண்கள் மதுவிடுதி ஒன்றின் மேடைக் கம்பியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, எங்களுக்கும் கொடு என்று உட்கார்ந்தார்கள். அந்த மாகாணத்துச் சட்டம் 1970 இல் மாற்றப்பட்டது. அங்கெல்லாம் பெண்கள் போராடியது குடி மேல் உள்ள மோகத்தினால் அல்ல. ஆண் போய் உட்காரும் பொது இடத்தில் பெண் போய் உட்காரக்கூடாது என்பதை மானமுள்ளவர்கள் பொறுக்க முடியாது என்பதனால்தான்.

சட்டமோ நம் நாட்டில் முன்னாலேயே இருக்கிறது. 1950 ஜனவரி 26 ஆம் தேதி முதல் அமலில் இருக்கும் இந்திய அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, கடைகள், பொதுச் சாப்பாட்டு விடுதிகள், ஓட்டல்கள் முதலியவற்றில் நுழைவதற்கு மதம், ஜாதி, பிறந்த இடம் முதலியவற்றைக் காட்டித் தடை செய்யக்கூடாதென்று சொல்லுகிறது. ஜாதி என்ற வார்த்தை இருக்கிற அதே வரிசையில் ஆண், பெண் என்ற வித்தியாசத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஜாதியைப் பற்றிய பாதி நாஞ்சில் நாட்டு விடுதி வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெண்ணைப் பற்றிய பாதி இன்னும் வழியிலேயே நிற்கிறது. அதே பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் விசேஷ ஏற்பாடு செய்யலாமென்று இருக்கிறதே என்று சிலர் வாதிக்கலாம். விசேஷ ஏற்பாடென்பது இருக்கிற வாசலோடு இன்னொரு வாசலைக் கூட்டிக் கொடுப்பதே ஒழிய, இருக்கிற வாசலையும் எடுத்துக்கொள்ளுவதல்ல. மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை பார்க்கக்கூடாதென்ற 1914 ஆம் வருஷத்துப் பஞ்சாப் சட்டப் பிரிவை, பெண்களின் பாதுகாப்புக்காகவே என்று சொல்லி டில்லியில் ஆதரித்து வாதாடிய போதுகூட, சுப்ரீம் கோர்ட்டு 2007 இல் அதைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. அன்றியும் இவ்விடுதிக்கு மது விற்க லைசென்ஸ் கொடுப்பது சர்க்கார். சர்க்கார் லைசென்சை வாங்கிக்கொண்டு ஒரு பெண்ணுக்குச் சோறு இல்லையென்று சொல்ல எவருக்கு அதிகாரம்?

குடிப்பது நல்லதா, கெட்டதா என்ற விவகாரத்தை இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கண்ட ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. குடும்பத்தினருக்கு மட்டும் என்ற அந்த ஹாலில் குடும்பத் தலைவர்களைத்தான் காணோம்! நாம் சொன்ன பாட்டியம்மாளின் மகனும், சாப்பாடு சொல்லிவிட்டு, "இப்ப வந்திருதேன்" என்று இடது பக்கத்து வாசலுக்குப் போனவர், குழந்தைகள் சாப்பிட்டு முடித்துத் தூங்கி விழுகிற வரையில் வரவில்லை. இன்னும் நாலைந்து மேஜைகளிலும் இதே காட்சிதான். ஆண் துணையில்லாத பெண்ணுக்கு இங்கே இடமில்லை என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பிய அதே ஹாலில், ஆண் துணையில்லாமல்தான் பெண்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை ஒருவரும் ஒன்றும் செய்துவிடவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லையென்றும் மேனேஜருக்குத் தோன்றவில்லை. அப்படியானால் ஹாலுக்கு வேண்டியிருந்தது ஆண் துணையல்ல, இன்னாருக்குச் சொந்தமானவள் என்ற சீட்டு மாத்திரமே என்றுதானே அர்த்தமாகிறது?

'குடும்பம் என்பது நம் பண்பாடு, அதை மதித்துத்தான் பலகை வைத்திருக்கிறோம்' என்று சொல்லுகிறவர்களுக்கு நாஞ்சில் நாட்டுச் சரித்திரத்தையே பதிலாகச் சொல்லலாம். இந்நாட்டு வேளாளர்களில் மருமக்கள் வழி என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஒருவன் செத்தால் அவன் சொத்து அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போகாது; அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கூட இருந்து குடும்பம் நடத்தியவளும் அவள் பெற்ற பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையைப் பரிகாசம் செய்து ஒரு மான்மியமே எழுதினார். 1926 இல் திருவாங்கூர் சர்க்கார் சட்டம் செய்த பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. அந்த முறையையும் அந்தக் காலத்தில் குடும்பம் என்றும் பண்பாடு என்றும்தான் சொன்னார்கள். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்ததே குடும்பம் என்று பலகை தொங்கவிடுகிறார்களே, அந்தக் குடும்பம் சொத்துரிமையோடு இந்நாட்டில் அவர்களிடையே நிலைபெற்று நூறு வருஷம்தான் ஆகிறது. மனிதன் சௌகரியத்துக்காக ஏற்படுத்திய ஒன்று, மனிதனைச் சோற்றுக்கு வெளியே நிறுத்துமானால் அதை மாற்றிக்கொள்ளுவதில் என்ன பாவம்?

2011 ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிந்தவர்கள் விகிதத்தில் முதலில் நிற்பது கன்னியாகுமரி ஜில்லா. ஆயிரம் ஆண்களுக்கு 1019 பெண்கள் இருப்பதும் இங்கேதான். இந்த ஜில்லாவின் பெண்கள் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் ஆபீசுகளிலும் வேலை பார்க்கிறார்கள். நர்ஸ் வேலைக்குக் கடல் கடந்தும் போகிறார்கள். அந்நிய தேசத்தில் தனியாகச் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பெண், லீவில் வந்து சொந்த ஊர் விடுதியில் தனியாக ஒரு தோசை சாப்பிட முடியாதென்றால், அது அவளுக்கா அவமானம், இந்த ஊருக்கா?

ஆகவே நாம் சொல்லுவது மிகவும் சுருக்கம். விடுதி முதலாளிகள் அந்தப் பலகையில் உள்ள வாசகத்தை அழித்துவிட்டு, 'குடிக்காமல் சாப்பிட விரும்புகிற யாவரும் வரலாம்' என்று எழுதட்டும். குழந்தைகளும் கிழவர்களும் நிம்மதியாக உட்கார அவ்வளவே போதும். வம்பு செய்கிறவனை, அவன் எந்த ஹாலில் இருந்தாலும், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள இரண்டு ஆட்களை வைக்கட்டும். இதனால் வியாபாரம் கெட்டுப் போகாது. ஜாதிப் பலகையை எடுத்தால் ஓட்டல் மூடிப்போகும் என்று அன்று சொன்னார்கள். எந்த ஓட்டலும் மூடவில்லை, கூட்டம்தான் பெருகியது.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பெண் விடுதலை பேசுகிறவர்கள், அடுத்த ஞாயிறு மனைவியை அழைத்துக்கொண்டு போய் அவர்களை ஹாலில் உட்கார வைத்துவிட்டுத் தாங்கள் மற்ற வாசலுக்கு நழுவாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். பெண் தோழர்கள் நால்வரும் ஐவருமாகவும், தனித்தனியாகவும் அந்த விடுதிகளுக்குப் போக வேண்டும். "கூட யார்?" என்று கேட்டால், "என் பசி" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். நாமும் அடுத்த மாதம் நாகர்கோவில் போகிறோம். அப்போது அந்த வாசலில் இன்னொரு பெண் நிறுத்தப்பட்டால், இந்தத் தடவையைப் போல் சாப்பிட்டு முடிக்கிற வரையில் காத்திருக்க மாட்டோம் என்று வாசகர்களுக்கு உறுதி கூறுகிறோம்.